பாரம் ஏற்றிய வண்டியும் முன்விளக்கும்

நமது அங்கத்தினர்களுள் சொந்தமாக மோட்டார் வண்டி வைத்திருப்போரை ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று நிலைமை அவ்வாறில்லை. தறி ஓடும் வீட்டின் வாசலிலும், களத்துமேட்டின் ஓரத்திலும் ஒரு காரோ சிறிய வேனோ நிற்கக் காண்கிறோம். நெய்த சேலைகளை மூட்டை கட்டிச் சேலத்துக்குக் கொண்டுசெல்லவும், திரும்பும்போது நூல் ஏற்றிவரவும், மஞ்சளையும் மரவள்ளிக் கிழங்கையும் விடியுமுன் விற்பனை இடத்தில் சேர்க்கவும் இவ்வண்டிகள் பயன்படுகின்றன. இந்தப் பிரயாணங்களில் பெரும்பகுதி இரவிலேயே நடைபெறுகிறது என்பது கவனிக்கத்தக்கது. தீபாவளி நெருங்கும் நாட்களிலும், கரும்பாலைகளில் அரைவை நடக்கும் மாதங்களிலும் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள சாலைகள் இரவு முழுவதும் ஓய்வதில்லை.

வண்டி வாங்குகிற பொழுது இன்ஜினைப் பற்றி விசாரிக்கிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று நாலு பேரைக் கேட்கிறோம். முன்விளக்கைப் பற்றி, அது எரிகிறதா என்பதற்கு மேல் கேட்பவர் அரிது. எரிந்தால் போதும் என்ற எண்ணமே பல அபாயங்களுக்கு மூலம். விளக்கின் ஒளி எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அது நமக்கு உதவுவதும் எதிரே வருபவரின் கண்ணைக் கெடுப்பதும் அமைகின்றன. இதனைச் சற்று விரிவாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"டிம்" என்ற சொல்லின் பிழை

முன்விளக்கின் இரண்டு நிலைகளை நாம் வழக்கில் "டிம்" என்றும் "பிரைட்" என்றும் சொல்கிறோம். டிம் என்றால் மங்கலான வெளிச்சம் என்றும், பிரைட் என்றால் பலமான வெளிச்சம் என்றும் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சரியன்று. கார்களில் மிகுதியாகக் காணப்படும் எச்-4 என்னும் ஹாலோஜன் பல்பை எடுத்துப் பாருங்கள். அதன்மேல் 60/55 வாட் என்று அச்சிட்டிருக்கும். பிரைட்டுக்கு 60 வாட். டிம்முக்கு 55 வாட். வித்தியாசம் ஐந்தே வாட். ஆகவே டிம் போட்டு ஓட்டுபவன் ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தைச் செலவிட்டு, ஒளியைத் தரையை நோக்கித் திருப்பிவிடுகிறான், அவ்வளவே.

இத்திருப்பம் எவ்வாறு நிகழ்கிறது என்பது சுவையான விஷயம். அப்பல்புக்குள் இரண்டு இழைகள் உள்ளன. பிரைட்டுக்குரிய இழை, குழிந்த ரிப்ளெக்டரின் குவிய இடத்தில் அமைந்திருப்பதால் ஒளி நேராக நெடுந்தூரம் பாய்கிறது. டிம்முக்குரிய இழை சற்று முன்னே தள்ளி, ஒரு சிறிய உலோகக் கிண்ணத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. அக்கிண்ணம் கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்துவிடுகிறது. மேல்பாதி ரிப்ளெக்டரில் பட்ட ஒளி மட்டுமே கீழ்நோக்கிச் சாய்ந்து வெளிவருகிறது. கிண்ணத்தின் ஓரம் ஒரு பக்கம் சற்றே சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அதன் காரணமாகச் சாலையின் இடது ஓரத்தில் மட்டும் ஒளி கொஞ்சம் மேலேறி, நடந்து செல்பவரையும் மைல்கல்லையும் காட்டுகிறது. எதிரே வண்டி வரும் வலப்புறத்தில் தாழ்ந்தே நிற்கிறது. நாம் இடப்புறம் செல்லும் நாட்டினர் ஆதலால் இந்த அமைப்பு. வலப்புறம் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நம் வண்டியில் மாட்டினால், அது எதிரே வருபவரின் கண்ணிலேயே ஒளியை ஏற்றும்.

இந்த இடத்தில், முன்விளக்கின் கண்ணாடியில் மேல்பாதிக்குக் கறுப்பு வர்ணம் பூசும் பழைய வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல்புக்குள் கிண்ணம் இல்லாத காலத்தில் அதற்கு ஏதோ பொருள் இருந்திருக்கலாம். எச்-4 பல்புள்ள விளக்கில் டிம் வெளிச்சம் முழுவதும் மேல்பாதியிலிருந்தே வருகிறது. அதை வர்ணத்தால் மூடுபவர் தமக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தாமே அடைத்துக்கொள்கிறார். நடுவில் ஒட்டும் வட்டமான கறுப்பு ஸ்டிக்கரால் கெடுதல் அதிகமில்லை. பெரிய நன்மையும் இல்லை. எச்-4 பல்பின் நுனியில் கறுப்புப் பூச்சு முன்னரே இருக்கிறது.

மூட்டை ஏற்றினால் நேர்வது

இனி நமது அங்கத்தினர்களுக்கு மிகவும் பொருந்திய விஷயத்துக்கு வருவோம். பட்டறையில் விளக்கைச் சரியாகப் பொருத்தி அனுப்பிய வண்டியே, பாரம் ஏற்றியவுடன் தவறான வண்டியாகிவிடுகிறது. இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று.

தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் முன்விளக்கு உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டிம் வெளிச்சம் 100-க்கு 1 என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. தாழ்ந்திருக்கும். இந்தச் சாய்வில் அது 70 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். இப்பொழுது டிக்கியிலும் பின் இருக்கையிலும் சேலை மூட்டைகளை அடுக்குகிறோம். வண்டியின் பின்புறம் 5 செ.மீ. அமுங்குகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2.5 மீட்டர் என்றால், வண்டி முழுவதும் 100-க்கு 2 என்ற அளவில் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது என்று பொருள். கீழ்நோக்கி 1 ஆக இருந்த ஒளி, மேல்நோக்கி 1 ஆக மாறிவிடுகிறது. 50 மீட்டர் தூரத்தில் அதன் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 50 செ.மீ. ஏறி, தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் நிற்கும். எதிரே வரும் காரின் டிரைவருடைய கண் இருக்கும் உயரம் ஏறக்குறைய அதுவே.

வண்டி ஓட்டுபவர் டிம் போட்டிருக்கிறார். தம் கடமையைச் செய்துவிட்டதாக மனப்பூர்வமாக நம்புகிறார். எதிரே வருபவர் "பிரைட்டை இறக்கு" என்று விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறார். இவருக்குக் கோபம் வருகிறது. தாமும் அடித்துக் காட்டுகிறார். இருவர் கண்ணும் கெட்ட அந்த இரண்டு மூன்று வினாடிகளில், இடது ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் மூன்றாவது மனிதனை இருவருமே காண்பதில்லை. அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இதற்குப் பரிகாரம் பெரும்பாலான கார்களில் முன்னமேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கத்திலோ டாஷ்போர்டின் கீழ்ப்பகுதியிலோ 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட ஒரு சிறு சக்கரம் இருக்கும். அருகில் விளக்கின் படமும் இருக்கும். 0 என்பது பாரமில்லாத வண்டிக்குரிய நிலை. எண் ஏற ஏற விளக்கின் ஒளி தாழும். பின்புறம் நிறைய ஏற்றியபோது 2-க்கோ 3-க்கோ திருப்பிக்கொள்ள வேண்டும். சரக்கை இறக்கியபின் மறவாமல் 0-க்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் திரும்பும்போது வெளிச்சம் முன்னாலேயே விழுந்து தூரம் தெரியாது. கார் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் இச்சக்கரம் எதற்கென்று அறியாதவர்கள் உண்டு. ஏ.சி.க்கு உரியது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களும் உண்டு! இன்று வீட்டுக்குப் போனதும் தேடிப் பாருங்கள். இச்சக்கரம் இல்லாத பழைய வேன்களில், வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவைத்தே விளக்கின் கோணத்தைச் சரிசெய்துகொள்வது உசிதம்.

சுவரில் பார்க்கும் முறை

கோணத்தைச் சரிபார்க்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. சமதரையில் ஒரு வெள்ளைச் சுவர் போதும். சங்கக் கிடங்கின் பக்கச் சுவர் மிகவும் ஏற்றது. டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும். டிரைவர் இடத்தில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். முதலில் வண்டியைச் சுவரோடு ஒட்டினாற்போல் நிறுத்தி, இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளியும் சுவரில் எங்கே வருகின்றன என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்க. பின்னர் நேராகப் பின்னே வந்து 10 மீட்டரில் நிறுத்தி டிம் போடுக. ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒரு கோடு சுவரில் தெளிவாகத் தெரியும். அக்கோடு குறித்த புள்ளிக்கு 10 செ.மீ. கீழே இருத்தல் வேண்டும். விளக்கு உயரத்தில் அமைந்த வேனுக்கும் லாரிக்கும் 15 முதல் 20 செ.மீ. வரை தாழ்த்திக்கொள்ளலாம். வண்டி செய்த கம்பெனி விளக்கின் அருகிலோ கையேட்டிலோ வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுக. இடப்புறம் கோடு சற்று மேலேறுவது இயல்பு. வலப்புறம் ஏறினால் பல்பு ஹோல்டரில் சரியாக உட்காரவில்லை என்று அறியலாம். விளக்கின் பின்புறமுள்ள திருகுகளைத் திருப்பி உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யலாம். பழக்கமில்லாதவர் பட்டறைக்காரரிடம் "போகஸ் பார்த்துக் கொடுங்கள்" என்று சொன்னால் போதும்.

சட்டமும் இதற்கென ஓர் அளவைத் தந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி இதைக் கூறுகிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூச்சம் தராதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதனைச் சோதிக்க இரண்டு பேர் போதும். ஒருவர் டிம் போட்டு உட்கார, மற்றவர் இருபத்தாறு அடி தள்ளி, சற்று வலமாக நின்று, ஐந்தடி உயரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டியதுதான். கண் கூசினால் விளக்கு ஏறியிருக்கிறது.

அதே விதிகளில் 105-ஆவது, சூரியன் மறைந்து அரைமணி சென்ற பின்னும், போதிய வெளிச்சம் இல்லாத எந்நேரத்திலும் விளக்கேற்றி ஓட்ட வேண்டும் என்றும், சாலையில் உள்ள ஆட்களும் வண்டிகளும் 155 மீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரியுமளவு ஒளி வேண்டும் என்றும் சொல்கிறது. 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட் முதலியன வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பம்பரிலும் கூரையிலும் வரிசையாக மாட்டிக்கொள்ளும் எல்.இ.டி. பட்டைகளை வாங்குவோர் இதை நினைவில் வைப்பது நலம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. தனித் தண்டனை குறிப்பிடாத சிறு குற்றங்களுக்கும் 177-ஆவது பிரிவு முதல் முறை 500 ரூபாய் வரையும், மறுமுறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் வைத்திருக்கிறது. இரு சக்கர வண்டிகளைப் பொறுத்தமட்டில், 2017 ஏப்ரல் 1 முதல் செய்யப்பட்டவற்றில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் விளக்கு தானே எரியும். பகலில் விளக்கு எரிகிறதென்று எதிரே வருபவர்கள் விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டுவது இன்னும் நின்றபாடில்லை. அணைக்க ஸ்விட்சே கிடையாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது!

கண் திரும்பத் தேறும் வரை

பலமான ஒளி பட்டதும் கண்மணி உடனே சுருங்குகிறது. ஒளி நீங்கியதும் அதே வேகத்தில் விரிவதில்லை. இருட்டைப் பார்க்கும் சக்தி திரும்பச் சில வினாடிகள் ஆகின்றன. வயது ஏற ஏற இந்நேரம் நீளும். அறுபது வயதானவரின் விழித்திரைக்கு எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. கண்புரை தொடங்கியவர்களுக்கோ எதிர்விளக்கு ஒன்று பத்தாகச் சிதறித் தெரியும். இரவில் விளக்குகளைச் சுற்றி வட்டங்கள் தெரிவதாகச் சொல்லும் முதியவர், வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரைப் பார்ப்பதே முதற்காரியம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒருவனைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி. அதற்குள் 25 மீட்டர் போயிற்று. உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல். ஆக மொத்தம் 45 மீட்டருக்குக் குறையாது. டிம் வெளிச்சத்திலோ கறுத்த உடை அணிந்து நடப்பவன் 40, 50 மீட்டருக்குள் வந்தால்தான் கண்ணுக்குப் புலப்படுவான். ஆகையால் டிம் போட்டுச் செல்லும்போது 60-க்கு மேல் ஓட்டுபவர், தாம் காணாத இடத்துக்குள் வண்டியைச் செலுத்துகிறார். மழை பெய்திருந்தால் இக்கணக்கு மேலும் மோசமாகும். (வெள்ளை வேட்டி கட்டி நடப்பவர் இதைவிட வெகுதூரத்திலேயே தெரிவார். நெசவாளர் பத்திரிகையில் எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை, உண்மையே அப்படித்தான்.)

எதிரே வண்டி வருகிறதென்றால் கிட்ட நெருங்கும் வரை காத்திராமல், 200 மீட்டரிலேயே டிம்முக்கு மாறுவது முறை. இருவரும் 60-இல் வந்தால் அந்த 200 மீட்டர் ஆறே வினாடிகளில் தீர்ந்துவிடும். முன்னே செல்லும் வண்டியைத் தொடரும்போதும் டிம்மே போட வேண்டும். அவருடைய கண்ணாடி வழியாக நம் பிரைட் அவர் கண்ணில் விழும். எதிரில் வருபவர் விளக்கை இறக்க மறுத்தால், பதிலுக்குப் பதில் செய்யாமல், வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டில் நிறுத்துக. உள்ளே உள்ள கண்ணாடியின் அடியில் சிறு நெம்புகோல் இருந்தால், அதை இழுத்துவிடப் பின்வண்டியின் ஒளி மங்கும். சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியே உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையை அறிந்தவர்களுக்கு இவை புதியன அல்ல. அச்சாலை நான்கு வழியாக்கப்பட்டபோதும் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிப் பகுதிகள் நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்டிருந்தன. நடுத்திட்டு இருந்த சாலையில் பிரைட்டோடு பழகி வந்தவர், புறவழியில் புகுந்ததும் அதே பிரைட்டோடு எதிர்வண்டியைச் சந்தித்தார்.

மலைமேல்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் வேறு கவனங்கள் தேவைப்படுகின்றன. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது விளக்கு நேரே பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. போக வேண்டிய சாலை பக்கவாட்டில் இருளில் கிடக்கிறது. வளைவு முடியும் வரை, மனிதன் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேல் போகாமலிருப்பதே நல்லது. ஆனால் இரவில் மலைக்கு ஒரு சாதகமும் உண்டு. மேலே வரும் வண்டியின் ஒளி மரங்களிலும் பாறைகளிலும் முன்னதாகவே விழுந்து அதன் வரவைக் காட்டிவிடும். ஆகவே வளைவுக்கு முன் ஒருமுறை பிரைட் போட்டு நம் வரவை அறிவித்து, ஹாரன் கொடுத்து, எதிரே ஒளி அசைவது தெரிந்ததும் டிம்முக்கு வந்துவிட வேண்டும். சாலை குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் எடுப்பது சிரமம். இறங்குபவர் ஒதுங்கி நின்று டிம் போட்டுக்கொண்டிருந்தால், ஏறுபவருக்குச் சாலையின் விளிம்பு தெரியும். பிரைட்டோடு நின்று வழிவிடுவது வழிவிடாமைக்குச் சமம்.

மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் மூடுபனி இறங்கும். பனியில் பிரைட் போட்டால் நீர்த்துளிகளில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பிவந்து வெள்ளைச் சுவர்போல நிற்கும். டிம் மட்டும் போட்டு மெதுவாகச் செல்ல வேண்டும். பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்கு இருந்தால் அதுவும் உதவும். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டுவது பலருடைய வழக்கம். அவ்வாறு செய்தால் எப்பக்கம் திரும்பப் போகிறோம் என்பதைப் பின்னால் வருபவர் அறிய வழியில்லை. அவை நின்றுவிட்ட வண்டிக்கு உரியவை.

மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு மலையிலிருந்து இறங்குவோருக்கு மேலே சொன்ன கோணக் கணக்கு இரு மடங்கு பொருந்தும். பின்பாரத்தால் விளக்கு மேல்நோக்கியிருக்க, சாலையும் மேடும் தாழ்வுமாக வளைந்து செல்ல, ஏறிவரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அவர் ஒதுங்க இடமில்லை.

பராமரிப்பு

விளக்கு மங்கிவிட்டது என்று சொல்லிப் பலர் 100/90 வாட் பல்பை வாங்கி மாட்டுகிறார்கள். இது தவறான வைத்தியம். 55 வாட்டுக்கென அமைந்த வயரும் ஹோல்டரும் அச்சூட்டைத் தாங்காமல் இளகும். ரிப்ளெக்டரின் பளபளப்பு உரியும். சில மாதங்களில் முன்னைவிட மங்கலாகும். மங்கலுக்கு மெய்யான காரணம் பெரும்பாலும் மின்சாரம் விளக்குவரை முழுமையாகப் போய்ச் சேராமையே. ஹாலோஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்குதல், கறுத்துப்போன ஹோல்டரை மாற்றுதல், தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு ரிலே வைத்தல் ஆகியவற்றால், அதே 60/55 பல்பு புதிய பல்புபோல் எரியக் காணலாம்.

பிளாஸ்டிக் முகப்பு வெயிலில் பழுத்து மஞ்சளிப்பது இன்னொரு காரணம். நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் செய்தால் தெளியும். மேல்பூச்சு ஒன்றும் இடாமல் விட்டால் மீண்டும் விரைவில் மஞ்சளாகும். புதுப் பல்பை மாட்டும்போது கண்ணாடிப் பகுதியைக் கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் கெடும். துணியால் பிடித்து மாட்டுக. தறியில் வேலை செய்யும் கைக்கு இந்த நுட்பம் எளிதே.

கடைகளில் விற்கும் எல்.இ.டி. பல்பை ஹாலோஜன் ஹோல்டரில் செருகுவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கம்பெனியே எல்.இ.டி.க்கென அமைத்த விளக்கில் குறையேதுமில்லை. ஆனால் ஹாலோஜனுக்கெனக் குழிந்த ரிப்ளெக்டர், ஒளி இன்ன புள்ளியிலிருந்துதான் புறப்படும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எல்.இ.டி. சில்லுகள் அப்புள்ளியில் அப்படியே அமைவதில்லை. விளைவு, கோடு கலைந்து ஒளி நாலா பக்கமும் தெறிக்கிறது. ஓட்டுபவர் தம் முன்னால் வெள்ளை வெளேரென்று இருப்பதைக் கண்டு மகிழ்கிறார்; தூரத்தில் உண்மையில் குறைவாகவே தெரிகிறது; எதிரே வருபவர்க்கோ எதுவுமே தெரிவதில்லை.

பின்னால் தெரிய வேண்டியவை

முன்விளக்கு எவ்வளவு சரியாக இருப்பினும், ஒளியைத் திருப்பித் தருகிற பொருள் எதிரில் இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் எட்டாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு செல்லும் வழியில், டிராக்டர் டிரெய்லரின் பின்புறம் தோகையும் கரும்பும் நீட்டிக்கொண்டு பின்விளக்கை மூடிவிடுகின்றன. பின்னால் வரும் காரோட்டி, டிம் வெளிச்சத்தில் கரும்பின் நுனியைக் காணும்போது தூரம் மிஞ்சியிருப்பதில்லை. சிவப்புப் பின்விளக்கு எரிய வேண்டும். அது மறைந்தாலும் தெரியும்படி பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை நிறத்தில் ஒளிதிருப்பும் பட்டைகளை ஒட்ட வேண்டும். மாட்டு வண்டியின் பின்சட்டத்திலும் நுகத்தடியிலும் இதே பட்டையை ஒட்டலாம். பட்டையின்மேல் படிந்த சேற்றை ஒரு ஈரத்துணியால் துடைத்துவிடுவது அரை நிமிஷ வேலை.

டிரெய்லர் வழியில் பழுதாகி நின்றால், கல்லை முட்டுக்கொடுத்து, ஒரு கிளையை ஒடித்துச் சாலையில் போட்டுவைப்பது வழக்கமாயிருக்கிறது. இரவில் பச்சைக்கிளை தெரியாது. கல் தெரியவே தெரியாது. சிவப்பு முக்கோணப் பலகை ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்து, 50 மீட்டராவது பின்னே நிறுத்துக. வண்டியை எடுத்துச் செல்லும்போது கல்லையும் உடன் அகற்றுக.

தார்ச்சாலையில் மக்காச்சோளத்தையும் தானியங்களையும் உலர்த்துவோர் நம் அங்கத்தினர்களிலும் உளர். பகலில் போட்டதை மாலையில் வாராமல் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கல் வரிசை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கறுப்புச் சாலையில் கறுத்த கற்கள்; எதிர்வண்டியின் விளக்கில் கண் கூசி வரும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் அதில் ஏறினால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். உலர்களம் இல்லாத கிராமங்களின் அங்கத்தினர்கள், சங்கத்தின் களத்தையும் கிடங்கு முற்றத்தையும் பயன்படுத்திக்கொள்ள முன்னதாகவே செயலாளரிடம் சொல்லி நாள் குறித்துக்கொள்ளலாம். அதே முற்றத்துச் சுவரில், மாலை ஆறரை மணிக்கு மேல், அங்கத்தினர்கள் தத்தம் வண்டியின் விளக்குக் கோட்டையும் பார்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் கட்டியும் பத்து மீட்டர் கயிறும் கொண்டுவர வேண்டும்; வழக்கமாக ஏற்றும் மூட்டைகளோடு வண்டியைக் கொண்டுவருவது இன்னும் நல்லது.